உப்புக்கு உத்தரவு

காபியில் சர்க்கரை போதுமா, அண்ணாச்சி? போதாவிட்டால் கூசாமல் சொல்லுங்கள். நானே எழுந்துபோய் எடுத்துவருகிறேன். என் மனைவி பகவதியைக் கேட்டுப் பயனில்லை. பால் காய்ச்சுவாள், டிகாக்‌ஷன் இறக்குவாள், இரண்டையும் கலந்து ஆற்றித் தருவாள்; சர்க்கரைக் கிண்ணத்தை மட்டும் தொடமாட்டாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன்.

முதலில் வாசலில் நிற்கும் உங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை. தம்பிகளா! அந்த அண்டாவைத் தொடாதீர்கள். நான் வந்து நின்று சொல்லும்வரை யாரும் எதையும் தூக்கக்கூடாது. விளங்கிற்றா?

தலையை ஆட்டுகிறார்கள். இந்தக் காலத்து ஆட்கள் தலையைத்தான் ஆட்டுவார்கள். நீங்கள் உட்காருங்கள்.

காதில் விழுகிறதா, அந்த மேளச்சத்தம்? பக்கத்துத் தெரு மண்டபத்தில் கல்யாணம். அதற்குப் போகத்தான் என் மனைவி விடிந்ததிலிருந்து பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். நான் போகலாம் என்று சொல்லவில்லை. சொல்லும் உத்தேசமும் இல்லை.

நீங்கள் உள்ளே நுழையும்போது ஒரு கேள்வி கேட்டீர்கள். "இம்புட்டு அருமையான சாமான, தட்டிப் பாத்தா கோயில் மணி மாதிரி பேசுது, இத எதுக்குக் குடுக்கிய?" என்று கேட்டீர்கள். பழைய பாத்திரம் வாங்க வருகிறவர்களில், விலை பேசி முடித்தபின் காரணம் கேட்பவர் அரிது. வயதாகிவிட்டது என்று நான் ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அது பொய். என் தந்தையார் கோயிலில் தேவாரம் ஓதியவர். ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னாலும் தொடையில் கிள்ளுவார். பொய்யைத் திருத்தமாகச் சொன்னாலும் கிள்ளுவார். ஆகவே உண்மையைச் சொல்கிறேன். ஆட்களை நம்பிக் கெட்டேன், அண்ணாச்சி. அதுதான் காரணம்.

ஆறுமுகநயினார் சமையல் என்றால் தாமிரபரணியின் இரு கரையிலும் தெரியும். மற்றவர்கள் ஆக்குப்புரைக்கு, அதாவது கல்யாணத்துக்குச் சமைக்கும் கொட்டகைக்கு, ஆள் சேர்ப்பார்கள். நான் ஆள் உருவாக்கினேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்பும் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஒழுங்கு என்றால் என்ன, பொறுப்பு என்றால் என்ன என்று விளக்குவேன். காய்கறி வெட்டும் பெண்களுக்குத் தலைவி இசக்கியம்மாள். அவள் ஒருத்திதான் நடுவில் வாய் திறப்பாள். "அண்ணாச்சி, நீங்க பேசி முடிச்சியன்னா நா பூசணிக்காய வெட்டிருவேன்" என்பாள். நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். ஆட்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு. பிள்ளையாருக்கு இலை போட்டுப் படைக்கும் முன்னர் எதையும் நாவில் வைக்கக்கூடாது. குழம்பாகட்டும், பாயசமாகட்டும், கொதிக்கும் மணத்தையும் நுரையையும் கொண்டே உப்பும் இனிப்பும் அறிய வேண்டும். அறிகிறவன் சமையற்காரன், மற்றவன் கூலிக்காரன். தொழில் தொடங்கிய புதிதில் வீரவநல்லூரில் ஒரு கல்யாணம். புளிக்குழம்பில் ஒருவன் உப்புப் போட்டான். போடவில்லையோ என்று எண்ணி இன்னொருவன் போட்டான். மரவை திறந்திருந்ததைக் கண்டு மூன்றாமவனும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு மூடினான். மரவை என்றால் உப்பு வைக்கும் மரப்பாத்திரம். உங்களுக்குத் தெரியாதா என்ன? ருசி பார்க்க முடியாதே! பந்தியில்தான் தெரிந்தது. அந்தக் குழம்பை மாடும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

அன்றே விதி செய்தேன். உப்பு என் கையால் மட்டுமே. வேறு எவரும் மரவையைத் தொடக்கூடாது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஒரு குறை உண்டா? எவரும் சொல்லியதில்லை. குறை இருந்தால் சொல்லுங்கள் என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். எல்லாரும் வாய் மூடி நிற்பார்கள். குறை இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று என்ன வேண்டும்?

எனக்கு அடுத்த நிலையில் இருந்தவன் கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கத்துப் பையனாக வந்தவன். சோறு வடிக்கும் வடிதட்டைப் பிடிக்கத் தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டு நின்றவனை நான்தான் ஆளாக்கினேன். தம்பி என்று நினைத்தேன். அவன் பெண்ணுக்குப் பெயர் வைத்ததுகூட நான்தான். அவன் வேறொரு பெயர் நினைத்திருந்தானாம். அதனாலென்ன, நான் வைத்த பெயர் அதைவிடச் சிறந்தது.

ஒரு முகூர்த்தத்தில் நான் வேறொரு வீட்டில் அடுத்த கல்யாணத்துக்குத் தாம்பூலம் வாங்கிக்கொண்டு வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பந்தி நடக்கிறது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஆக்குப்புரைக்கே வந்து, "அவியல்னா இது அவியல்! யாரு கைப்பக்குவம்?" என்று கேட்கிறார். கோமதிநாயகம் கையை நீட்டி என்னைக் காட்டினான். "அண்ணாச்சிதான்" என்றான். பெரியவர் எனக்குத் துண்டு போர்த்தினார். நானும் வாங்கிக்கொண்டேன். வீடு வந்து சேர்ந்தபின்தான் உறைத்தது. நான் அன்று மரவையைத் தொடவே இல்லையே! அப்படியானால் போட்டது யார்?

மறுநாள் எல்லாரையும் நிறுத்திக் கேட்டேன். கோமதிநாயகமே முன்னால் வந்தான்.

"நாந்தான் அண்ணாச்சி போட்டேன். எல போட்டாச்சு, ஆளு உக்காந்தாச்சு. ஒங்களக் காணல. நா என்ன செய்ய?"

"காத்திருக்க வேண்டும்."

"பந்தி காத்திருக்குமா அண்ணாச்சி?"

"எனக்காகக் காத்திருக்கும்" என்றேன்.

"உப்பு சரியாத்தான இருந்துச்சு?" என்று இசக்கியம்மாள் குறுக்கே கேட்டாள். பாருங்கள், அங்கேதான் இவர்களுக்கு அறிவு போதாது. உப்புச் சரியாக இருந்ததா என்பது பேச்சே அன்று. யார் போட்டது என்பதே பேச்சு. சரியாக இருந்ததுதான் பெரிய ஆபத்து. தவறாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். சரியாகவும் இருந்துவிட்டால் நாளைக்கு ஒவ்வொருவனும் மரவைக்குள் கையை விடமாட்டானா? ஆகவே எல்லார் முன்னிலையிலும், "இனி நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள். தனியாகச் சொன்னால் மற்றவர்களுக்கு எப்படிப் பாடமாகும்?

அவன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, மடித்து, கொடியில் போட்டுவிட்டுப் போனான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றமுள்ளவன் எப்படிப் பேசுவான்?

தம்பிகளா, அங்கே என்ன உருட்டும் சத்தம்? உருளியை உருட்டக்கூடாது. நான் வருகிறேன், பொறுங்கள்.

எங்கே விட்டேன்? ஆம். அவனிடத்தில் சங்கரலிங்கத்தை வைத்தேன். சொன்னதைச் செய்வான்; சொல்லாததைச் செய்யமாட்டான். அப்படிப்பட்ட ஒருவனைத்தான் நான் எத்தனையோ காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கண்டேன். மகிழ்ந்தேன்.

அந்த வைகாசியில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். இரு வீட்டாரும் வேண்டியவர்கள். ஆட்களை இரண்டாகப் பிரித்தேன். முதல் மண்டபத்தில் உப்புப் போட்டுவிட்டு, வேனில் ஏறி, இரண்டாம் மண்டபத்துக்குப் புறப்பட்டேன். வழியில் ரயில்வே கேட். கேட் என்றால் சும்மா கேட் அன்று. சரக்கு ரயில் ஒன்று வந்து நடுவிலேயே நின்றுவிட்டது. ஏதோ பழுதாம். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. இறங்கி நடக்கவும் தொலைவு.

இன்னொரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். சமையல் நடக்கையில் எவனும் செல்போனில் பேசக்கூடாது. ஆகவே காலையிலேயே எல்லார் போனையும் வாங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டி என்னோடு வைத்துக்கொள்வேன். என் போனையும் அதிலேயே போட்டுவிடுவேன். விதி எனக்கும் விதிதான். கடைசிப் பந்தி எழுந்தபின்தான் பை அவிழும். தலைவன் என்பவன் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா?

கேட்டில் நின்ற நேரம் முழுவதும் அந்தப் பை என் மடியில் முனகிக்கொண்டே இருந்தது. ஒன்று நின்றால் மற்றொன்று. வேன் ஓட்டியவர், "சாமி, எடுத்துப் பேசுங்களேன். அவசரமா இருக்கப்போவுது" என்று கெஞ்சினார். நான் பையைத் தொடவில்லை. அவ்வளவு உறுதி வேறு எவனுக்கு வரும், சொல்லுங்கள்?

ரயில் நகர்ந்து, நான் போய் இறங்கினால், மண்டபத்து வாசல்வரை ஒரே குரல். "உப்பு! இங்கன உப்பு! உப்புக் கொண்டாங்கய்யா!" பந்தியில் சாம்பார் வாளி போக வேண்டிய வேகத்தில் உப்பு வாளி போகிறது. நடந்தது இதுதான். நல்ல நேரம் முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுப் பெண்ணோடு புறப்பட வேண்டும். ஆட்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் பிரமநாயகம் பிள்ளை மும்முறை வந்து கேட்டிருக்கிறார். சங்கரலிங்கம், "அண்ணாச்சி வரட்டும்" என்றிருக்கிறான். கடைசியில் பெண் வீட்டார் தாமே வாளியை எடுத்துப் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். சாம்பாரில் உப்பில்லை. ரசத்தில் உப்பில்லை. அவியலில், கூட்டில், எதிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் என் ஆட்கள் தனிக் கிண்ணத்து உப்பை முறைப்படி வைத்திருந்தார்கள்! இலைக்கு உப்பு வைப்பதை நான் தடுக்கவில்லை அல்லவா? பானைக்குத்தானே விதி?

ஆக்குப்புரைக்குள் போனேன். சங்கரலிங்கம் மரவைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததே, அதை இன்னும் மறக்க முடியவில்லை.

"வந்துட்டியளா அண்ணாச்சி! உப்புப் போட்டுரலாமா?"

பாதிக் குழம்பு பந்திக்குப் போய்விட்டது, அண்ணாச்சி. பாதிக் குழம்பு!

பிரமநாயகம் பிள்ளை கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூணில் சாய்ந்துகொண்டு, "எலைக்கு வைக்கத் தெரிஞ்ச கைக்குப் பானைக்குப் போடத் தெரியாதா, நயினார்?" என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளையின் அத்தைக்காரி அந்தப் பக்கமாகக் கை கழுவப் போனவள், "நல்ல வீட்டுல பொண்ணெடுத்தோம். வாயில வச்சா வீட்டு லெச்சணம் தெரியுது" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அந்தச் சொல்லோடுதான் அந்தப் பெண் மாமியார் வீட்டுக்குக் கார் ஏறிற்று. அழுதுகொண்டே ஏறிற்று. பெண்கள் அழுதுகொண்டுதான் ஏறுவார்கள், அது வேறு. ஆனாலும் என் மனம் பொறுக்கவில்லை.

அன்று மாலை எல்லாரையும் நிறுத்தினேன். "இத்தனை பேர் இருந்தீர்களே! உப்பில்லை என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றீர்களே! ஒரு கை அள்ளிப் போட வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றவில்லையா? பொறுப்பு என்பதை நான் உங்களுக்குக் கற்பிக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

இசக்கியம்மாள்தான் அரிவாள்மணையை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "தோணாம என்ன அண்ணாச்சி? எல்லாத்துக்குந்தான் தோணிச்சு. கோமதிநாயகத்துக்கும் ஒரு நா தோணிச்சுல்லா?"

இதற்கு என்ன பொருள் என்று நான் பலநாள் யோசித்துப் பார்த்தேன். திமிர் என்பதைத் தவிர வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

விதி போதவில்லை என்பது தெரிந்தது. இன்னும் இறுக்கினேன். உப்போடு மிளகாயும் என் கையால். பிறகு புளியும். பிறகு அடுப்பில் விறகு தள்ளுவதானாலும் கேட்டுவிட்டுத்தான். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இசக்கியம்மாள் முதலில். எல்லாரும் எங்கே போனார்கள் என்று நினைக்கிறீர்கள்? கோமதிநாயகத்திடம். அவன் தனியாகக் கல்யாணம் எடுக்கத் தொடங்கியிருந்தான். சங்கரலிங்கம் மட்டும் நின்றான். அவனும் ஒருநாள் வந்து, "போயிட்டு வரட்டுமா அண்ணாச்சி?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. பொழுது சாயும்வரை அந்த வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனான். மறுநாளும் வந்து நின்றான். அதற்கு மறுநாளும். கடைசியில் நானே, "போ" என்றேன். விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். உத்தரவு பெற்றுப் போனவன் அவன் ஒருவனே. நல்லவன்.

என் மனைவி கதையும் அதுதான். வீட்டில் ஒருநாள் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடிவிட்டது. இரண்டு வார்த்தை பேசினேன். அன்றிலிருந்து அவள் சோற்றுக்கும் குழம்புக்கும் உப்பே போடுவதில்லை. இலைக்கு எதிரே மரவையை வைத்துவிட்டு நிற்பாள். "ஏன் போடவில்லை?" என்றால், "உத்தரவு வரலியே" என்பாள். இப்போது சர்க்கரைக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்கு வருத்தமில்லை. இத்தனை பேரில் ஒருத்தியாவது விதியின் அருமையைப் புரிந்துகொண்டாளே என்று ஆறுதலாக இருக்கிறது.

இன்னும் ஒரு வாய் காபி குடியுங்கள். ஆறிவிட்டதா? பரவாயில்லை, முடிக்கப்போகிறேன்.

சென்ற வாரம் கோமதிநாயகம் வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். இதே இடத்தில், நீங்கள் இருக்கும் இந்த இடத்தில்தான் நின்றான். உட்காரவில்லை.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு, அண்ணாச்சி. நீங்க பேரு வச்ச புள்ள. ஆக்குப்புரைக்கு நீங்க வந்து நிக்கணும். உப்பு ஒங்க கையாலதான் போடணும்."

உள்ளேயிருந்து என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"உன் இடத்தில் இப்போது உப்புக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்டேன்.

"என்ன பெரிய ஏற்பாடு? யாரு வேணும்னாலும் போடுவாங்க. போட்டவன், 'சாம்பாருக்கு உப்பாச்சு'ன்னு ஒரு சத்தம் குடுத்துருவான். அம்புட்டுத்தான்."

சத்தம்! கேட்டீர்களா? சமையற்கூடமா அது, சந்தைக்கடையா?

"வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. நான் வரும்வரை எவனும் மரவையைத் தொடக்கூடாது. எவ்வளவு நேரமானாலும் சரி" என்றேன்.

அவன் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "முதப் பந்திக்கு ஆளு உக்காருத வரைக்கும் தொறக்காம வச்சிருக்கேன், அண்ணாச்சி. ஒங்களுக்காக. அதுக்கு மேல என்னால முடியாது."

"அப்படியானால் நான் வருவதற்கில்லை" என்றேன்.

"வாங்கண்ணாச்சி" என்றான். வாசல்வரை போனவன் திரும்பிவந்து, "இருந்தாலும் மரவைய மூடி வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆம். அந்தக் கல்யாணம்தான். அந்த மேளம்தான். அதற்காகவே உங்களை இன்று வரச் சொன்னேன். வீட்டில் முக்கியமான வேலை இருக்கிறது என்று ஒரு நியாயம் வேண்டுமல்லவா? இங்கிருந்து நடந்தால் வெற்றிலை போட்டுத் துப்பும் நேரம்கூட ஆகாது. போகலாம். போக முடியாது என்பதில்லை. நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியனுப்பட்டும், இப்போதே எழுந்துவிடுவேன். காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எவரும் வரவில்லை.

பொறுங்கள். மேளம் நின்றுவிட்டது. மைக்கில் என்னவோ சொல்கிறார்கள்.

"சொந்தபந்தங்கள் எல்லாரும் பந்திக்கு வாங்க..."

முதல் பந்தி.

பார்த்தீர்களா? போட்டுவிட்டான். என்னைக் கேட்காமலே போட்டுவிட்டான். நான் சொன்னேனே, இவர்களை நம்ப முடியாது என்று!

பகவதி! அடி பகவதி! இவருக்குத் தண்ணீர் கொண்டுவா. பகவதி!

உள்ளே இல்லை. செருப்பையும் காணோம். பின்வாசல் திறந்து கிடக்கிறது. இவள் எப்போது போனாள்? போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஒருத்தி மிச்சம் என்று நினைத்தேன்.

சரி. அது கிடக்கட்டும். வாருங்கள், அண்ணாச்சி, பாத்திரத்தை ஏற்றுவோம். எப்படி ஏற்ற வேண்டும் என்று நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன். பெரிய அண்டா அடியில், வாய் கீழே பார்க்க. இடையில் வைக்கோல். உருளிகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது...

என்ன இது? முற்றம் துடைத்துவிட்டாற்போல் கிடக்கிறதே!

தம்பி, யார் ஏற்றச் சொன்னது?

"யாரும் சொல்லல, ஐயா. சும்மாத்தான நின்னோம். வெயிலு ஏறுதுன்னு நாங்களே ஏத்திட்டோம்."

பெரிய அண்டா அடியில். வாய் கீழே. வைக்கோல் திணித்திருக்கிறார்கள். கயிறும் இறுகத்தான் இருக்கிறது. ஒரு நசுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. நீங்களே தடவிப் பாருங்கள், அண்ணாச்சி. நன்றாகத்தான் ஏற்றியிருக்கிறார்கள்.

இறக்குங்கள், தம்பிகளா.

ஆம், எல்லாவற்றையும். ஒன்று விடாமல் இறக்கி, இருந்த இடத்தில் வையுங்கள். நான் சொன்னபின் முதலிலிருந்து ஏற்றலாம். நீங்கள் உட்காருங்கள், அண்ணாச்சி. எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.